கோத்தகிரி பக்கம் ஒரு முதியோர் இல்லம்: வயித்து விஷயத்த மட்டும் வச்சு ஒரு ரிவியூ

தோட்டம் எப்படி, ரூம்ல இருந்து மலை தெரியுதா, டிவி ஹால் பெருசா, இதெல்லாம் அவங்க போடற போட்டோவுலயே இருக்கு, அத நான் எழுத போறதில்ல. எங்க பெரியம்மா இங்க இருக்காங்க, 81 வயசு, ரிட்டயர்டு டீச்சர், முட்டி வலி, பிபி, தைராய்டு, கூடவே பல வருஷமா மலச்சிக்கல். இந்த இடத்துல வயித்த எப்படி பாத்துக்கறாங்க, எங்க கோட்ட விடறாங்க, அவ்வளவு தான் இந்த ரிவியூ. ஏன்னா இடம் தேடி அலையுறப்ப யாரும் இத கேக்கறதே இல்ல, நாலு பேர் முன்னாடி மோஷன் பத்தி பேச கூச்சம் வேற. ஆனா வயசானவங்க திடீர்னு சாப்பாட்ட ஒதுக்கறது, ராத்திரி தூங்காம புலம்பறது, நேத்து வரைக்கும் நல்லா பேசிட்டு இருந்தவங்க இன்னைக்கு ஆள் அடையாளம் தெரியாம முழிக்கறது, இதுக்கெல்லாம் பின்னாடி சில சமயம் கட்டிப்போன வயிறும் இருக்கும். குறையும் சேத்து எழுதறதால பேர் போடல.

சேக்கற அன்னைக்கு நடந்தது தான் எனக்கு ரொம்ப புடிச்சது. ஊட்டி, குன்னூர்ல பாத்த மத்த இடங்கள்ல சுகர் இருக்கா பிரஷர் இருக்கா நடப்பாங்களான்னு மூணு கேள்வி, அடுத்தது அட்வான்ஸ். இங்க இருக்கற சீனியர் சிஸ்டர் பெரியம்மாவ தனி ரூமுக்கு கூட்டிட்டு போய் கதவ சாத்திட்டாங்க, என்னையும் ஓரமா உக்கார சொல்லிட்டு, கேள்விய என்கிட்ட கேக்காம அவங்ககிட்டயே கேட்டாங்க. "டீச்சரம்மா, வீட்ல இருக்கப்ப எத்தன மணிக்கு போவீங்க? காபிக்கு முன்னயா பின்னயா? ரொம்ப முக்கணுமா? போய்ட்டு வந்தும் இன்னும் பாக்கி இருக்கற மாதிரி இருக்குமா? எப்பவாச்சும் விரல விட்டு எடுக்க வேண்டி வந்திருக்கா?" கடைசி கேள்விக்கு பெரியம்மா என்ன ஒரு பார்வ பாத்துட்டு மெதுவா தலைய ஆட்டினாங்க. கூடவே இருந்த எங்க யாருக்கும் அது தெரியாது. சிஸ்டர் முகத்துல ஒரு மாத்தமும் இல்லாம எழுதிக்கிட்டாங்க பாருங்க, அது தான் அனுபவம்.

தினமும் போகலன்னா மலச்சிக்கல்னு நம்ம வீடுகள்ல ஒரு கணக்கு. சிஸ்டர் அத வச்சு முடிவு பண்ணல. வாரத்துக்கு 3 தடவைக்கும் கொறவா போறாங்களா, நாலுல ஒரு தடவைக்கு மேல முக்க வேண்டி இருக்கா, கட்டி கட்டியா வருதா, அடைச்ச மாதிரி தோணுதா, இதுல கொறஞ்சது ரெண்டு இருந்து அது சில மாசமாவே ஓடிட்டு இருந்தா தான் நாள்பட்ட மலச்சிக்கல்னு டாக்டருங்க சொல்வாங்களாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனாலும் ஈஸியா போறவங்களுக்கு மருந்தே வேண்டாம்னு சொன்னாங்க. அப்புறம் டார்ச் அடிச்சு வாய பாத்தாங்க. வயித்துக்கு வாய் எதுக்குன்னு நெனக்கறப்பவே பல் செட்ட கழட்ட சொன்னாங்க, கீழ் ஈறுல புண்ணு. செட்டு லூஸாகி உரசிருக்கு, அதனால தான் பெரியம்மா காய ஒதுக்கிட்டு ரசஞ்சோறும் பன்னுமா ஓட்டிட்டு இருந்திருக்காங்க, நார்ச்சத்து எங்க இருந்து வரும்.

அடுத்தது சத்து கணக்கு. பசி எப்படி, மூணு மாசத்துல எடை கொறஞ்சுதா, நடமாட்டம், சமீபத்துல பெரிய நோய் ஏதாச்சும், ஞாபக மறதி, உயரத்துக்கு ஏத்த எடை, மொத்தம் ஆறு கேள்வி, 14க்கு மார்க். 12ம் அதுக்கு மேலயும் பரவால்ல, 8ல இருந்து 11 வரைக்கும் கவனம் வேணும், 7ம் அதுக்கு கீழயும் சத்து இல்லாம போயாச்சுன்னு அர்த்தம். நிக்க முடியாதவங்களுக்கு எடைக்கு பதிலா கெண்டைக்கால டேப் வச்சு அளக்கறாங்க, 31 சென்டிமீட்டருக்கு கொறஞ்சா மார்க் போச்சு. உலகம் பூரா வயசானவங்களுக்கு போடற கணக்கு தான் இது, ஆனா மலை மேல ஒரு சின்ன இடத்துல டேப்பும் கையுமா ஒருத்தங்க உக்காந்து போடறத பாத்தப்ப நம்பிக்க வந்துச்சு. பெரியம்மாவுக்கு 10 மார்க். வாழ்க்க பூரா மத்தவங்களுக்கு மார்க் போட்டவங்க, கம்மியா போட்டுட்டீங்கன்னு சிஸ்டர்கிட்ட சண்டைக்கே போய்ட்டாங்க.

இதுல ஒரு குறை இருக்கு. மாசா மாசம் எடை பாக்கறது நல்ல விஷயம், ஆனா ஜனவரில ஸ்வெட்டர், சால்வ, கம்பளி சாக்ஸ் எல்லாத்தோடயும் மெஷின்ல ஏத்தி நிறுத்தறாங்க, ஏப்ரல்ல வெறும் நைட்டியோட. அப்ப நெஜமா கொறஞ்சத எப்படி கண்டுபிடிப்பீங்க? ஒரு மாசத்துல 5 சதவீதம், ஆறு மாசத்துல 10 சதவீதம் கொறஞ்சா உஷாராகணும்னு அவங்க சுவத்துலயே ஒட்டி வச்சிருக்காங்க, 50 கிலோ ஆளுக்கு 5 சதவீதம்னா ரெண்டரை கிலோ, சால்வையும் ஸ்வெட்டரும் சேந்தே கிட்டத்தட்ட அவ்வளவு வரும் போலருக்கு. சொன்னேன், சிரிச்சாங்க, அதுக்கப்புறமும் ஒரு நாள் பாக்கறேன் ஒரு பாட்டி குல்லாவோட மெஷின் மேல நிக்கறாங்க.

மாத்திரை பைய மேசை மேல கொட்டி ஒவ்வொன்னா படிச்சாங்க. முட்டி வலிக்கு டிரமடால் கலந்தது, தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், இரும்பு, கால்சியம், நாலுமே வயித்த கட்டற சாமான். அதுக்கு மேல தைராய்டு மாத்திரையயும் கால்சியத்தயும் காலைல ஒரே வாய்ல போட்டுட்டு இருந்திருக்காங்க, அப்படி போட்டா தைராய்டு மாத்திர சரியா ஒடம்புல சேராது, நாலு மணி நேரமாச்சும் இடைவெளி விடணும். தைராய்டு கொறஞ்சாலும் மோஷன் கட்டும், ஆக ஒன்ன ஒன்னு புடிச்சு இழுத்துட்டு இருந்திருக்கு. நேரத்த மாத்தி எழுதி, டிரமடாலயும் தூக்க மாத்திரயயும் டாக்டர் பாக்கட்டும்னு செவப்பு பேனால வட்டம் போட்டாங்க. வார விசிட்டுக்கு வந்த டாக்டர் தூக்க மாத்திரய படிப்படியா கொறச்சு நிறுத்திட்டார், வலிக்கு வெறும் பாரசிட்டமால்.

மோஷன் ரிஜிஸ்டர பத்தி சொல்லணும். ஏழு படம் போட்ட ஒரு கார்டு லேமினேட் பண்ணி வச்சிருக்காங்க. 1997ல இங்கிலாந்து பிரிஸ்டல் ஆஸ்பத்திரி டாக்டருங்க வெளியிட்ட சார்ட்டு தான், அதுக்கு கீழ தமிழ்ல எழுதியிருக்கு: 1 ஆட்டுப் புழுக்கை மாதிரி, 2 கட்டி சேந்தது, 3ம் 4ம் நல்லது, 5ல இருந்து 7 வரைக்கும் போகப் போக இளகல், 7 வெறும் தண்ணி. வாய் விட்டு சொல்ல கூச்சப்படறவங்க விரல நீட்டி காட்டிடலாம். தேதி, நேரம், நம்பர், அளவு, முக்கினாங்களா, டயப்பர்ல கசிவு இருந்துச்சா, பாத்தது யாருன்னு ஒரு வரி. மூணு நாள் காலியா இருந்தா அந்த வரிய மஞ்சள் அடிக்கணும், நாலாவது நாள் காலைல டாக்டருக்கு போன். எழுதி வச்ச விதிமுற பக்கா.

ஆனா ஒவ்வொருத்தரோட மோஷன் ரிஜிஸ்டர் தாள எங்க மாட்டியிருக்காங்க தெரியுமா, கட்டில் கால்மாட்டுல, வர்றவங்க போறவங்க எல்லாரும் பாக்கற மாதிரி பேரோட. பெரியம்மாவ பாக்க வந்த பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் நின்னு படிச்சுட்டே இருந்தார், பெரியம்மாவுக்கு மானமே போச்சு. ரெண்டு தடவ சொன்னதுக்கப்புறம் இப்ப ஒரு துணி உறை தச்சு மூடி வச்சிருக்காங்க.

இப்ப குளிர் கத. கீழ மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்ல இருக்கறவங்களுக்கு இது புரியாது. டிசம்பர், ஜனவரில காலைல டாய்லெட் சீட்டு ஐஸ் கட்டி மாதிரி இருக்கும், பைப் தண்ணி கைல பட்டாலே சுரீர்னும், அதுக்கு பயந்துட்டே வயசானவங்க வர்றத அடக்கிட்டு போர்வைக்குள்ளயே கெடப்பாங்க. அடக்க அடக்க உள்ள இருக்கறது காஞ்சு கட்டியாகும். இங்க சோலார் ஹீட்டர் வச்சிருக்காங்க, ஜூலை ஆகஸ்ட்ல நாள் கணக்கா மூடுபனி, சூரியன் எங்க வரும், அப்ப கரண்ட் கீசர் போடணும், ரெண்டு பாத்ரூமுக்கு ஒன்னு தான் இருக்கு. ஆனா ஆயாம்மாங்க அண்டாவுல வெந்நி போட்டு மக்குல கொண்டு வந்து வைக்கறாங்க, சீட்டு மேல துணி கவர் போட்டிருக்காங்க, அத தினமும் மாத்தவும் செய்றாங்க. காலு தரைய தொடாம தொங்குனா முக்க வராதுன்னு காலுக்கு கீழ ஒரு மணை. ஆயுசு பூரா குத்துக்கால் போட்டு உக்காந்து போனவங்களுக்கு அந்த மணை வந்ததும் முட்டி மேல வந்து ஓரளவு பழைய வாகு கெடைக்குது. காலைல சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள்ள உக்கார வைக்கறாங்க, வயித்துல சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் தானா அசையும், அந்த நேரத்த விட்டா அப்புறம் கெஞ்சணும். இத புரிஞ்சு வச்சு டிபன் 8 மணி, டாய்லெட் எட்டேகால்ல இருந்துன்னு ஷிஃப்டே அதுக்கு ஏத்த மாதிரி போட்டிருக்காங்க. பத்து நிமிஷத்துக்கு மேல உக்கார வைக்கறதில்ல, அது சரி தான், மூலம் வேற தொந்தரவு.

தண்ணி விஷயத்துல எனக்கு கோவம். வயசானா தாகமே கொறஞ்சுடும், குளிர்ல இன்னும் மோசம், கேட்டு கேட்டு குடுக்கணும். பகல்ல பிளாஸ்க்ல கோடு போட்டு குடுக்கறாங்க, இதயம் கிட்னி பிரச்சன இல்லாதவங்களுக்கு ஒன்னரை லிட்டர், சூப்பர். சாயங்காலம் 5 மணிக்கு மேல பிளாஸ்க் மாயமா போய்டுது. கேட்டா "ராத்திரி பெட் நனைஞ்சுடும்ங்க, குளிர்ல மாத்தறது கஷ்டம்ங்க"ன்னு நைட் ஷிஃப்ட் அக்கா ஒருத்தங்க நேராவே சொன்னாங்க. அவங்க சொல்றதும் நெஜம் தான், நைட்ல ஒரு மாடிக்கு ஒரே ஆள், ஆனா 5 மணில இருந்து காலைல 6 வரைக்கும் பிளாஸ்க்கே இல்லாம இருந்தா எந்த வயிறு எளகும்? இதுல இசப்கோல் (மோஷன் எளக தண்ணில கலக்கி குடிக்கற நார்ச்சத்து உமி) வேற ராத்திரி அரை டம்ளர் தண்ணில கலக்கி குடுத்துட்டு இருந்தாங்க. அதுக்கு தண்ணி பத்தலன்னா உள்ள போய் களி மாதிரி இறுகிடும், படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு அது ஆபத்தே. இப்ப டாக்டர் சொல்லி காலைக்கு மாத்தி, முழு டம்ளர் ஆக்கியாச்சு.

சமையலுக்கு பாஸ் மார்க் தாராளமா போடலாம். ராகி கஞ்சி, சாமை பொங்கல், அவரை, மலைக் கேரட், கீரை, தோல் சீவாத பேரிக்காய் ஆவில வேக வச்சது. சீசன்ல ப்ளம்ஸ் குடுக்கறாங்க, ப்ளம்ஸ்லயும் பேரிக்காய்லயும் சார்பிட்டால்னு ஒன்னு இருக்கு, குடலுக்கு தண்ணிய இழுத்து மோஷன எளக்கும், மருந்து கடைக்கு போகாமலே வேல நடக்கும். ஆனா கோஸ் வாரத்துக்கு நாலு நாள், வெல கம்மியா கெடைக்கும் போல, அன்னைக்கெல்லாம் ஹால்ல உக்காந்து பாருங்க, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஏப்பமும் மத்ததும். நாலு மணிக்கு டீயோட வர்க்கி, ஊட்டி வர்க்கிய நான் கொற சொல்ல மாட்டேன், நானே டீல முக்கி நாலு சாப்பிடுவேன், ஆனா மைதாவும் கொழுப்பும் தினமும் வேணுமா. பாக்க வர்ற சொந்தக்காரங்களும் ஹோம்மேட் சாக்லேட்டும் மிக்சரும் வாங்கிட்டு வந்து ஊட்டிட்டு போய்டறாங்க. என்ன குடுத்தீங்கன்னு டெஸ்க்ல எழுதிட்டு போங்கன்னு போர்டு இருக்கு, ஒருத்தரும் எழுதறதில்ல.

இனி தான் ஸ்டார் கொறைஞ்ச கத. ஒரு வெள்ளிக்கிழம பெரியம்மாவுக்கு மூணாவது நாள் மோஷன் இல்ல, மஞ்சள் அடிச்சிருக்காங்க, சரி. சனிக்கிழம டயப்பர்ல கொஞ்சமா தண்ணியா கசிவு, அப்பாடா போய்ட்டாங்கன்னு 7ன்னு எழுதி மஞ்சள ரத்து பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழம நர்ஸ் கெடையாது, ஆயாம்மா மட்டும் தான், அஞ்சாறு தடவ கொஞ்சம் கொஞ்சமா தண்ணி, நாத்தம், பெரியம்மா சாப்பாட்ட தொடல. லூஸ் மோஷன்னு நெனச்சு பேதிய நிறுத்தற மாத்திரய குடுத்துட்டாங்க, யாரையும் கேக்காம. ராத்திரி பெரியம்மா ஸ்கூல்ல பெல் அடிச்சாச்சு விடுங்கன்னு எழுந்து நடக்க பாத்திருக்காங்க, யூரினும் போகல. திங்கக்கிழம காலைல சிஸ்டர் வந்து வயித்த தொட்டு பாத்தவுடனே புரிஞ்சுடுச்சு, இடது பக்கம் கல்லா இருக்கு. கிளவுஸ் மாட்டி விரல விட்டு பாத்தா மலம் பந்தா அடைச்சு நிக்குது, அந்த அடைப்ப சுத்தி ஓரமா வழியற தண்ணி தான் ரெண்டு நாளா "லூஸ் மோஷன்" ஆகியிருக்கு. சாக்கடை அடைச்சா மேல தண்ணி வழியுமே, அதே தான். அதுக்கு போய் நிறுத்தற மாத்திர குடுத்தா இன்னும் இறுகும்.

டாக்டர வரவழைச்சு, கிளிசரின் வச்சு, எனிமா குடுத்து, ரெண்டு நாள் ஆச்சு சரியாக, வயிறு காலியானதும் யூரினும் வந்துடுச்சு, ஸ்கூல் பெல்லும் நின்னுடுச்சு. சிஸ்டர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவங்க இல்லன்னா ஆஸ்பத்திரி தான். ஆனா வாரத்துக்கு ஆறு நாள் மட்டும் வேல செய்ற ரிஜிஸ்டர வச்சு என்ன பண்றது, ஞாயித்துக்கிழம வயிறு லீவு போடுமா? மூணு நாள் ஒன்னும் இல்லாம திடீர்னு தண்ணியா கசிஞ்சா அது பேதி இல்ல அடைப்புன்னு மொதல்ல சந்தேகப்படணும், இது ஆயாம்மாவுக்கு சொல்லி குடுக்கவே பத்து நிமிஷம் தான் ஆகும். அடுத்த வாரமே எல்லாரையும் உக்கார வச்சு சிஸ்டர் சொல்லி குடுத்தாங்க. பேதிய நிறுத்தற மாத்திர இப்ப பூட்டுன அலமாரில.

நல்லதும் சொல்லணும். டாக்டர் மூணு மாசத்துக்கு ஒரு தடவ எல்லார் மாத்திரயயும் திரும்ப பாக்கறார். அங்க முக்காவாசி பேர் காலைல கேஸ் மாத்திரைன்னு பேண்டோப்ரசோல் போட்டுட்டு இருந்தாங்க, எதுக்குன்னு கேட்டா யாருக்கும் தெரியல, எப்பவோ எந்த டாக்டரோ எழுதுனது வருஷக்கணக்கா ஓடுது. நீண்ட நாள் போட்டா பி12 கொறையலாம், எலும்பு பலவீனமாகலாம், குடல்ல கெட்ட கிருமி தொத்தவும் வாய்ப்பு கூடும்னு சொல்லி தேவயில்லாதவங்களுக்கு மெல்ல நிறுத்தினார். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடற, முன்ன அல்சர் வந்த தாத்தாவுக்கு மட்டும் நிறுத்தவே கூடாதுன்னு கொட்டை எழுத்துல எழுதி வச்சார். கருப்பா மோஷன் போனா இரும்பு மாத்திர போடறாங்களான்னு மொதல்ல பாப்பாங்க, அது இல்லாம தார் மாதிரி ஒட்டிட்டு நாத்தம் அடிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

பக்கத்து ரூம் தாத்தாவுக்கு எடை கொறைஞ்சுட்டே வந்துச்சு, ரத்தமும் கம்மி, கொலனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டு பெருங்குடல பாக்கற டெஸ்ட்) பாக்கணும்னு கோயம்புத்தூருக்கு எழுதிட்டாங்க. அதுக்கு முன்ன வயிறு கழுவ குடுக்கற மருந்து தண்ணிய குடிச்சுட்டு 80 வயசு ஆள் மேட்டுப்பாளையம் வரைக்கும் வளைவு வளைவா எப்படி எறங்குவார்? இவங்களே ஆஸ்பத்திரில பேசி முந்தின நாளே அட்மிட் பண்ணி, அங்க வச்சு மருந்து குடுக்க ஏற்பாடு பண்ணாங்க, கூட ஒரு ஆளயும் அனுப்பினாங்க. சீசன்ல இ-பாஸ் வண்டி, டிராஃபிக்னு மலைப்பாதை எப்படி இருக்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டாம், அவசரத்துக்குன்னா எந்த ரோட்ல எறக்குவீங்கன்னு இடம் பாக்கறப்பவே கேட்டு வச்சுக்கங்க.

மறதி நோய் இருக்கற ஒரு பாட்டி மாடில இருக்காங்க, பேச்சு சுத்தமா நின்னு போச்சு. அவங்க முந்தானய இழுத்து இழுத்து வராண்டால நடக்க ஆரம்பிச்சா போகணும்னு அர்த்தம், தட்ட தள்ளி விட்டு அடிக்க வந்தா வயிறு வலிக்குதுன்னு அர்த்தம்னு அந்த மாடி அக்கா கண்டுபிடிச்சு நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. முன்ன இருந்த இடத்துல அதே பாட்டிக்கு அடம்னு சொல்லி தூக்க ஊசி போட்டுட்டு இருந்தாங்களாம். அந்த அக்காவுக்கு சம்பளம் கூட்டி குடுங்கப்பா.

இன்னொன்னு, சாப்பிடறப்ப இருமறவங்கள ஓரளவு தான் கவனிக்கறாங்க. காபி குடிச்சதும் இருமல், குரல் கொழகொழன்னு மாறினா முழுங்கறதுல கோளாறு இருக்கலாம், சாப்பாடு நுரையீரலுக்கு போய்டலாம். நிமுந்து உக்கார வைக்கறாங்க, சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடறதில்ல, ஆனா முழுங்கறத முறையா டெஸ்ட் பண்ண தெரிஞ்ச ஆள் இல்ல.

மாசம் 28 ஆயிரம், டயப்பர் தனி, எனிமா போட்டா தனி பில், அது கொஞ்சம் அநியாயம். மூணு மாச அட்வான்ஸ். பெரியம்மா இப்ப பெரும்பாலும் 3, 4 நம்பர், புது பல் செட்டு, எடை ரெண்டு கிலோ ஏறியிருக்கு (ஸ்வெட்டர் இல்லாம). படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு நைட் ஸ்டாஃப் பத்தாது, நடமாட்டத்தோட இருக்கறவங்களுக்கு தாராளமா சேக்கலாம். அஞ்சுக்கு மூணரை. ஞாயித்துக்கிழமைக்கு ஒரு நர்ஸ் போடறோம், சாயங்கால தண்ணிய ஏழு மணி வரைக்கும் குடுக்கறோம்னு மேனேஜர் சொல்லியிருக்கார். ஒரு ஞாயித்துக்கிழம சொல்லாம கொள்ளாம போய் பாத்துட்டு ஸ்டார மாத்தறேன்.